பைப்புக்குள் மூன்று பெண்கள்

நுஸ்ஹாவின் வீட்டில் ஒரு பைப்புக்குள் மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் குடியிருந்தார்கள்.

பயப்பட வேண்டாம், மூவரும் படத்தில் இருப்பவர்கள்தான். எண்பது வருஷங்களுக்கு முன், உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட காலத்தில், இங்கிலாந்தில் அச்சடித்த சுவரொட்டிகள் அவை. ஆண்கள் எல்லாரும் யுத்தத்துக்குப் போய்விட்டதால் தொழிற்சாலைகளில் வேலைக்கு ஆளில்லை. பெண்களை வேலைக்குக் கூப்பிட்டு இந்தப் படங்களை ஊர் ஊராக ஒட்டினார்கள். ஒட்டாமல் மிஞ்சிய சில எப்படியோ தப்பிப் பிழைத்து, லண்டனில் பழைய சாமான் விற்கும் சந்தைக்கு வந்து சேர்ந்தன. அங்கே வேலை பார்க்கும் றாஸிக் மாமா, ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்றை வாங்கிவந்து தன் ராத்தாவிடம், அதாவது அக்காவிடம், கொடுப்பார்.

அந்த ராத்தாதான் நுஸ்ஹாவின் உம்மா நஸீறா. லண்டனிலிருந்து வரும் தம்பியிடம் சொக்லேட்டும் சோப்பும் கேட்காமல் பழைய கடதாசி கேட்கும் ஒரே ஆள் மருதமுனை ஊரிலேயே இவர்தான் என்று மாமா கேலி செய்வார். உம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

உம்மா ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசின் ஓட்டுபவர். முதலில் வந்த படத்தில் இருந்தவளும் தையல் மெசின்தான் ஓட்டினாள். ஆகாயத்திலிருந்து குதிப்பவர்களுக்குப் பரசூட் தைத்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கையில் வாங்கியதும் உம்மா அவளுடைய விரல்களைத்தான் உற்றுப் பார்த்தார். துணியை நன்றாகத்தான் பிடித்திருக்கிறாள், ஆனால் பெருவிரலை ஊசிக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகிறாள் என்று கவலைப்பட்டார்.

இரண்டாவது படத்தில் இருந்தவள் இரும்பு கடையும் இயந்திரத்தில் வேலை செய்தாள். மூன்றாவது படத்தில் இருந்தவள் என்ன செய்தாள் என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். அவளால்தான் கதையே சிக்கலானது.

மூன்று பேரும் தலைமயிர் மெசினில் சிக்காமல் இருக்கத் துணியால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அடுத்த வீட்டு உம்மு மாமி அதைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் முஸ்லிம் பெண்கள் என்று விசாரித்தார். வெள்ளைக்காரர்கள் என்று சொன்ன பிறகும் அவர் முழுதாக நம்பவில்லை.

இப்படிப்பட்ட படங்களைச் சுவரில் மாட்டி வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நுஸ்ஹாவின் வீட்டில் தொழுவது அந்த முன்னறையில்தான். முகம் உள்ள படம் தொங்கும் இடத்துக்கு மலக்குமார், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்பது அவர்கள் பேணும் வழக்கம். அதனால் படங்களைச் சுருட்டி வைத்து, வேலையில்லாத நாளில் பாயில் விரித்துப் பார்ப்பார்கள்.

சுருட்டி வைக்கப் பைப் செய்து கொடுத்தவர் வாப்பா மசூர். அவர் வயலுக்கும் கிணற்றுக்கும் தண்ணீர் மோட்டார் பூட்டுபவர். கடல் காற்றும் கறையானும் உள்ளே போகாதபடி சாம்பல் நிறப் பைப் ஒன்றை வெட்டி, ஒரு பக்கம் மூடியைப் பசை போட்டு ஒட்டினார். மற்றப் பக்கம் மூடியைக் கறுப்பு டேப்பால் சுற்றினார். தோளில் மாட்ட ஒரு பிடி வேண்டாமா? மோட்டாருக்கு இழுத்தது போக மிஞ்சியிருந்த சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் முறுக்கிக் கட்டினார். வாப்பாவிடம் எதைக் கொடுத்தாலும் வயரால்தான் கட்டுவார். அவர்கள் வீட்டுக் குடையின் பிடிகூட வயர்தான்.

இந்தக் கதை நடந்த அன்று நுஸ்ஹாவின் பாடசாலையில் சேகரிப்புக் கண்காட்சி. அவளுடைய சிநேகிதி அப்னா தீப்பெட்டிப் படங்கள் கொண்டுவருகிறாள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நண்டு ஓடுகள் கொண்டுவருவதாகச் சொன்னதிலிருந்து, அவன் பக்கத்து மேசை யாருக்கு என்று எல்லாரும் கலங்கிப்போயிருந்தார்கள். நுஸ்ஹா முன்னமே உம்மாவின் படங்களைக் கேட்டிருந்தாள். உம்மா ஒரு கிழமை முழுவதும் யோசித்தார். இந்தக் கடதாசி கிழிந்தால் இன்னொன்று உலகத்தில் எங்கே கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் மகள் கேட்டுவிட்டாளே. அன்று காலையில் தொழிற்சாலைக்குப் புறப்படும்போது பைப்பை அவள் தோளில் மாட்டிவிட்டு, தண்ணீர் படாமல், யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி வாசல் வரை சொல்லிக்கொண்டே போனார்.

வாப்பா மோட்டார் சைக்கிளில் நுஸ்ஹாவைப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டு இறக்காமம் என்ற ஊருக்குப் போனார். அங்கே வயலில் ஒரு மோட்டார் பூட்ட வேண்டியிருந்தது.

இன்னும் வெள்ளென, பாடசாலை தொடங்க நேரம் இருந்தது. கண்காட்சி மண்டபம் பூட்டியிருந்தது. திறப்பு மர்ஷூதா டீச்சரிடம்; டீச்சர் இன்னும் வரவில்லை. வளவில் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பைப்பைப் பார்த்ததும், அதைக் கிரிக்கெட் விக்கெட்டாக வைக்கத் தரமுடியுமா என்று கேட்டான். நுஸ்ஹா பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

திறந்திருந்தது ஒரே ஓர் அறை, தொழுகை அறை. உள்ளே யாரும் விளையாட மாட்டார்கள். அதைவிடப் பத்திரமான இடம் பாடசாலையில் இல்லை. நுஸ்ஹா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தவள், அப்படியே நின்றாள். பைப்புக்குள் மூன்று முகங்கள் இருக்கின்றனவே. சுருட்டித்தான் இருக்கின்றன, மூடித்தான் இருக்கின்றன. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

அவள் காலைப் பின்னால் எடுத்தாள். அறைக்கு வெளியே, தண்ணீர்த் தாங்கிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. பைப்பை அங்கே நிறுத்தி, யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பக்கத்தில் கிடந்த பழைய தென்னோலைக் கிடுகு ஒன்றை மேலே சாத்தினாள். பிறகு டீச்சரைப் பார்க்க வாசலுக்குப் போனாள்.

நல்ல பிள்ளை செய்கிற வேலைதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அது என்னவாயிற்று என்று பாருங்கள்.

காவலாளி காலிதீன் காக்கா தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற வந்தார். கிடுகை நகர்த்தினார். இரண்டு பக்கமும் மூடிய சாம்பல் நிறப் பைப் ஒன்று நின்றது. டேப் சுற்றியிருந்தது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் தொங்கின. யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள், அதுவும் பிள்ளைகள் தொழுகிற அறையின் சுவரோடு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்க வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஓர் இரவில் பக்கத்து ஊரில் குண்டு வெடித்தபோது காலிதீன் காக்காவின் வீட்டு யன்னல்களும் அதிர்ந்தன. பேரப்பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியும் வரை நிலத்தில் படுத்திருந்தவர் அவர். அவர் சத்தம் போடவில்லை. கிடுகை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, ஓடிப்போய் மணியை விடாமல் அடித்தார்.

மணி விடாமல் அடித்தால் கடல் வருகிறது என்று அர்த்தம். அந்தக் கரையில் எந்தப் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வருஷமும் சுனாமி ஒத்திகையில் ஓடிப் பழகியிருக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்தார்கள். புத்தகப் பைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வாசலைத் தாண்டி, பிரதான வீதியைக் கடந்து, வயல் பக்கத்து மைதானத்துக்கு எல்லாரும் ஓடினார்கள்.

நுஸ்ஹாவும் அப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடல் வந்தால் பைப்பைக் கொண்டுபோய்விடுமே என்று அழுகை வந்தது.

மைதானத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கடல் வரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. பாடசாலையில் குண்டு இருக்கிறதாம்.

யாரோ அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொன்னார்கள். அது வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் காதுக்குப் போனது. முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். அப்னா நுஸ்ஹாவின் கையை விடவில்லை.  குண்டு எங்கே இருக்கிறது, எப்போது வெடிக்கும், இந்த மைதானம் போதிய தூரம்தானா என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டார்கள். 

பொலிஸ் வந்தது. வீதியை இரண்டு பக்கமும் மறித்தார்கள். கல்முனைக்குப் போகும் பஸ்கள் தூரத்தில் வரிசையாக நின்றுவிட்டன. என்ன பார்த்தீர்கள் என்று காலிதீன் காக்காவிடம் விசாரித்தார்கள். அவர் கைகளை விரித்து நீளத்தைக் காட்டினார்.

"பைப்பு சேர். சாம்பல் கலர். ரெண்டு பக்கமும் மூடி இரிக்கி. கறுத்த டேப்பு சுத்தி, வயரும் இரிக்கி. செகப்பும் கறுப்பும்."

நுஸ்ஹாவின் பைப் அது.

அவள் அப்னாவைப் பார்த்தாள். அப்னா அவளைப் பார்த்தாள். அப்னாவுக்கு அந்தப் பைப்பைத் தெரியும். பெருநாளன்று படங்களை விரித்துப் பார்த்தபோது அவளும் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"கதைக்காத," என்று அப்னா அவள் காதோடு வாயை வைத்துச் சொன்னாள். "வாயத் தொறந்தியெண்டா ஒங்கட வாப்பாவக் கொண்டுபோயிருவாங்க."

அது அப்னா கற்பனை செய்த பயம் அல்ல. பக்கத்து ஊரில் குண்டு வெடித்த அந்த வருஷம் எத்தனையோ வீடுகளில் பொலிஸ் வந்து விசாரித்ததைப் பெரியவர்கள் பேசும்போது இருவரும் கேட்டிருக்கிறார்கள். வாப்பாதான் பைப்பை வெட்டினார். வாப்பாதான் வயரைக் கட்டினார். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நுஸ்ஹா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இப்போது மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரு பயம். அவளுக்கும் அப்னாவுக்கும் மட்டும் வேறு பயம்.  குண்டு அகற்றுபவர்கள் வந்துகொண்டிருக்கிறார்களாம், வந்ததும் அதைத் தூரத்திலிருந்தே உடைத்துத் தூளாக்கிவிடுவார்களாம் என்று பெரிய வகுப்பு அண்ணாமார் பேசிக்கொண்டார்கள். தூளாகட்டும், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. உம்மாவின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்த மனமே அழுதது.

அப்போது அவள் பாவாடையை யாரோ இழுத்தார்கள். முதலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அழுது அழுது முகமெல்லாம் நனைந்திருந்தது.

"ராத்தா, எங்கட காக்கா இன்னும் வரல்ல. அவரு வெடிச்சிட்டாரா?"

அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், மைதானத்தின் அடுத்த மூலையில் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். நுஸ்ஹா அவனைக் கண்டுபிடித்து, சிறுமியின் கையை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது இன்னும் எத்தனையோ பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். வேலியோரம் உம்மாமார் தலைத்துணி அவிழ ஓடிவந்துகொண்டிருந்தார்கள். காலிதீன் காக்கா வயல் வரம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அங்கே குண்டு இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், நுஸ்ஹாவும் அப்னாவும். தெரிந்துகொண்டே இவர்களை அழவிடலாமா?

அதற்குள் மைதானத்துக்கு வந்துசேர்ந்திருந்த மர்ஷூதா டீச்சரிடம் நுஸ்ஹா போனாள். அப்னா கூப்பிட்டும் திரும்பவில்லை.

"டீச்சர், அது என்ட பைப்பு."

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்தது. விளையாட்டாகச் சொல்கிறாளா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு நுஸ்ஹாவின் கையைப் பிடித்து வீதிக்கு அழைத்துப்போனார். 

அதற்குள் குண்டு அகற்றும் பிரிவின் லொறி வந்திருந்தது. அதன் அதிகாரி உயரமான மனிதர். நிதர்சன் என்று சட்டையில் பெயர் இருந்தது. டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் நுஸ்ஹாவின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். உம்மாவுடன் பேச முடியுமா என்று விசாரித்தார். முடியாது. தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கைபேசிகளைப் பெட்டிக்குள் பூட்டிவைப்பார்கள். வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார்கள். இறக்காமத்து வயலில் சிக்னல் இல்லை.

"அப்ப நீதான் சொல்லணும் தங்கச்சி. உள்ளுக்க என்ன இருக்கு?"

"படம் சேர். பொம்புளையள் மெசின்ல வேலை செய்ற பழைய படம். மூணு இரிக்கி."

"என்ன வேலை செய்யுறாங்க?"

"ஒராள் பரசூட் தெக்கிறா. ஒராள் இரும்பு கடையிறா." நுஸ்ஹா அதோடு நிறுத்தினாள்.

"மற்ற ஆள்?"

 நுஸ்ஹாவுக்குப் பொய் சொல்லிவிடலாம் போல் இருந்தது. ஆனால் பைப்பைத் திறந்தால் தெரிந்துவிடுமே.

"குண்டு செய்றா சேர்."

சுற்றி நின்ற பொலிஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நிதர்சன் மட்டும் முகம் மாறாமல், அதை ஏன் ஒளித்து வைத்தாய் என்று கேட்டார்.

"தொழுற அறைக்குள்ள முகம் உள்ள படம் வைக்கப்படா சேர். அதான் வெளிய வச்சன்."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஓம் என்று தலையசைத்தார்.

 நிதர்சன் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வழக்கமாக இப்படிப்பட்ட பொருளைத் தூரத்திலிருந்து தண்ணீரால் அடித்து உடைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஆபத்தில்லை, ஆனால் கடதாசி கூழாகிவிடும். இன்னொரு வழி, முதலில் நீளக் கயிறு கட்டி இழுத்துப் பார்ப்பது. வெடிக்காவிட்டால் அவரே போய்க் கையால் திறப்பது. எந்தப் பக்கத்து மூடி திறக்கும் என்று அவர் கேட்டார். டேப் சுற்றிய பக்கம் என்றாள் நுஸ்ஹா. மற்றது பசை.

பெரிய, தடித்த உடுப்பு ஒன்றை லொறியிலிருந்து இறக்கினார்கள். இரண்டு பேர் சேர்ந்துதான் அதை அவருக்கு மாட்ட முடிந்தது. நெஞ்சுக்கு ஒரு தகடு, கழுத்துக்கு ஒரு தகடு. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நுஸ்ஹாவுக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. இதுவரை வந்தவற்றில் இதுதான் பெரிய பயம்.

பைப்பை வைத்துவிட்டு அவள் வாசலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியுமா? அதே மாதிரிச் சாம்பல் பைப் வேறு இருந்தால்? யாராவது மாற்றி வைத்திருந்தால்? இந்த மனிதர் அவள் சொல்லை நம்பித்தான் நடக்கப்போகிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

தலைக்கவசத்தைக் கையில் எடுத்தவரின் பெரிய கையுறையை நுஸ்ஹா பிடித்துக்கொண்டாள்.

"சேர், வேணாம். ஒடச்சிருங்க."

"ஏன்? உன்ட பைப் இல்லியா?"

"என்டதான். ஆனா நீங்க கிட்டப் போவேணாம். தண்ணியால அடிச்சிருங்க."

"உம்மாட படம் கூழாயிரும்."

"ஓம்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உம்மாக்கு நான் சொல்றன்."

 நிதர்சன் முதல் தடவையாகச் சிரித்தார்.

"இவ்வளவு நேரமும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திச்சி. இப்ப இல்ல," என்றார். "ஆனா உடுப்புப் போட்டுத்தான் போவன். கயிறு கட்டித்தான் இழுப்பன். அது எங்கட சட்டம். நீ டீச்சரோட லொறிக்குப் பின்னால நில்லு."

நீளத் தடி ஒன்றின் முனையில் கயிறு கட்டிய கொக்கி இருந்தது. கொக்கியை மாட்ட வசதியான இடம் எது தெரியுமா? வாப்பாவின் வயர்ப் பிடிதான். நிதர்சன் தலைக்கவசம் போட்டுக்கொண்டு போய் அதை மாட்டிவிட்டு, கயிற்றோடு திரும்பி வந்து, கவசத்தைக் கழற்றி, எல்லாரும் மறைவில் இருக்கிறார்களா என்று பார்த்து, மெதுவாக இழுத்தார்.

 நுஸ்ஹா டீச்சரின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தெரிந்த ஓதல்களை எல்லாம் ஓதினாள். அவசரத்தில் சாப்பிட முன் ஓதுவதையும் சேர்த்து ஓதிவிட்டாள்.

பைப் சாய்ந்து நிலத்தில் விழுந்தது. உருண்டது. கொஞ்சத் தூரம் இழுபட்டு நின்றது. மதிலில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. வேறொன்றும் நடக்கவில்லை.

நிதர்சன் மறுபடியும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாசலுக்குள் நடந்தார். அந்த உடுப்போடு வேகமாக நடக்க முடியாது. பைப்புக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். டேப்பை ஒவ்வொரு சுற்றாக வெட்டினார். மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இருந்தார். என்ன பார்க்கிறார், ஏன் அசையாமல் இருக்கிறார் என்று நுஸ்ஹா லொறிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு அவர் கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். கையுறைகளையும் கழற்றினார். இரண்டு விரலால் கடதாசிச் சுருளை மெதுவாக வெளியே எடுத்தார். எழுந்து வாசலுக்கு வந்து, மேலே இருந்த படத்தைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார்.

சிவப்புத் துணியால் தலை கட்டி, நீலச் சட்டை போட்ட ஒரு பெண். பின்னால் பெரிய பெரிய இயந்திரங்கள். அவள் ஒரு குண்டை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பூசணிக்கா வச்சிரிக்கா."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. பிறகு மைதானம் முழுவதும் சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைக்காமலே சிரித்தார்கள். மறித்திருந்த பஸ்களில் இருந்தவர்கள், என்ன விஷயம் என்று தெரியாமலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள் என்றா சொன்னேன்? அதிபர் சிரிக்கவில்லை. பெயர் எழுதாத எந்தப் பொருளும், பைப்போ பெட்டியோ, இனிமேல் இந்த வளவுக்குள் வரக்கூடாது என்று அங்கேயே அறிவித்தார். பொலிஸ்காரர்கள் வாப்பாவின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார்கள். நுஸ்ஹா அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னேரம் வாப்பாவை வரச் சொல்லி இரண்டு வார்த்தை கதைப்போம், வேறொன்றும் இல்லை என்று நிதர்சன் அவளிடம் சொன்னார். வயர் கட்டும் பழக்கத்தை விடச் சொல்வதுதான் அதில் முதல் வார்த்தை என்றும் சொன்னார்.

நுஸ்ஹா காலிதீன் காக்காவிடம் போனாள். அவர் இன்னும் வரம்பில்தான் இருந்தார். ஏசுவார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். 

"இனி ஏதும் கொண்டுவந்தா எனக்கிட்டத் தா," என்றார் அவர். "நான் இரிக்கிற கதிரைக்குப் பின்னால வைப்பம்."

"ஒங்களுக்குப் பயமில்லியா காக்கா?"

"பயம்தான்," என்றார் காலிதீன் காக்கா. "ஆனா ஆருட சாமானெண்டு தெரிஞ்சிட்டா அரைவாசிப் பயம் போயிரும் மகள்."

அப்போது வீதியில் ஓர் ஓட்டோ பாய்ந்து வந்து நின்றது. நிற்க முன்னமே உம்மா அதிலிருந்து குதித்தார். செய்தி எப்படியோ தொழிற்சாலை வரை போயிருந்தது. வேலை உடுப்போடேயே வந்திருந்தார். தோளெல்லாம் நூல் துண்டுகள். ஒரு காலில் செருப்பில்லை. வழி விடாமல் நின்றவர்களை இரண்டு கைகளாலும் விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

நுஸ்ஹாவைக் கண்டதும் இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு விலக்கி நிறுத்தி, முகத்தைத் தடவினார். கைகளைத் தடவினார். விரல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் அணைத்துக்கொண்டார்.

உம்மாவின் நெஞ்சு அடிக்கும் சத்தம் நுஸ்ஹாவுக்குக் கேட்டது. காலையிலிருந்து உம்மாவிடம் என்ன சொல்வது என்று பயந்ததற்கு இப்போதாவது நல்ல செய்தி சொல்லலாமே என்று நினைத்தாள்.

"உம்மா, படத்துக்கு ஒண்டும் நடக்கல்ல."

உம்மா அவளை விளங்காமல் பார்த்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"எந்தப் படம் மகள்?" என்று கேட்டார்.